நாலாம் நம்பர் முகம்

ஓரசீட்டு என்று சொன்னால் நாடகக்காரர்களில் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவளுக்கு இருந்தது. அது அடையாள அட்டையில் சௌக்கியமாக இருந்தது. வெளியே வந்து யாரையும் தொந்தரவு செய்ததில்லை. அரங்கத்தில் மூன்றாவது வரிசை, இடது ஓர நாற்காலி. அதைத் தவிர வேறு எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள். நாடகம் மோசமானால் எழுந்து ஓட வசதியாகத்தான் ஓரத்தில் உட்காருகிறாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அவள் இடதுகைக்காரி, இருட்டில் எழுதும்போது முழங்கை பக்கத்து ஆளை இடிக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளும் மறுத்துச் சொல்லவில்லை. கொஞ்சம் பயந்துதான் நடிக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

பயந்துதான் நடித்தார்கள். திரை விலகுவதற்கு முன்னால் யாராவது ஒரு நடிகர் துணி இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். ஓரசீட்டு வந்தாச்சு என்று உள்ளே போய்ச் சொல்வார். உடனே ஒருவருக்கு முதல் வரி மறந்துபோகும், இன்னொருவருக்கு ஒட்டுமீசை ஒட்டாது.

நாளிதழில் அவள் சேர்ந்தது நாடகம் பார்ப்பதற்காக அல்ல. வாடகைக்கு வீடு, தொலைந்துபோன நாய், விற்பனைக்குப் பழைய கட்டில் என்று வருகிற வரி விளம்பரங்களைத் திருத்துகிற மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் நாடக விமர்சகர் தொண்டை கட்டிப் படுத்துக்கொண்டார். நாடகம் பார்க்கக் கண்ணும் காதும் போதுமே, தொண்டை எதற்கு என்று ஆசிரியர் கேட்கவில்லை. கையில் இருந்த நுழைவுச் சீட்டைப் பக்கத்தில் இருந்த மேசையில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து மேசை இவளுடையது. விளம்பரத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு என்று பழகிய கை அல்லவா, ஒரு பக்கம் எழுத வேண்டிய விமர்சனத்தைப் பத்து வரியில் முடித்துக் கொடுத்தாள். ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். தொண்டை கட்டியவருக்கு அதன் பிறகு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அந்தப் பத்து வரி அவளுக்குப் பேரும் வாங்கித் தந்தது, பகையும் வாங்கித் தந்தது. ஒரு முறை எழுதினாள்: 'நாயகி சாகத் தொடங்கியபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. செத்து முடித்தபோது தெரு காய்ந்திருந்தது.' அதே விமர்சனத்தின் கடைசி வரி: 'இந்த நாடகத்தில் மிகத் தெளிவாக வசனம் பேசியவர், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர்தான்.'

மறுநாளே அந்த எடுத்துக் கொடுத்தவர் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து நின்றார். பகலில் தண்ணீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா, சாயங்காலத்தில் நாடகக் குழுவுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பவர். பக்கவாட்டுத் திரையின் இருட்டில் நாடகப் பிரதியை வைத்துக்கொண்டு நிற்பார்; மேடையில் யாருக்காவது நாக்கு ஒட்டிக்கொண்டால் அடுத்த வரியை மெல்லச் சொல்லுவார். குழுவில் அவருக்கு முணுமுணு என்று பெயர். தெரு காயும்வரை செத்துக்கொண்டிருந்த நாயகி அவருடைய சொந்தத் தங்கை.

"என்னைப் பத்தி எழுதினதுக்கு நன்றி சொல்லணும். என் தங்கச்சியைப் பத்தி எழுதினதுக்குச் சண்டை போடணும். எதை முதல்ல பண்ணட்டும்?" என்றார்.

டீ குடித்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றாள் ஓரசீட்டு. டீ குடித்தார்கள். அதற்கடுத்த வாரமும் முடிவு பண்ண வந்தார். கல்யாணம் ஆகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும், அந்தச் சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு நாத்தனாரைப் பற்றி ஓரசீட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. உறவுக்காரியைப் பற்றி எழுதுவது முறையில்லை என்பது அவள் கட்சி. இதைவிடப் பெரிய வஞ்சம் உலகத்தில் இல்லை என்பது நாத்தனாரின் கட்சி. மோசமாக நடித்தபோது எழுதினார்கள், நன்றாக நடிக்க ஆரம்பித்ததும் அண்ணியாகிவிட்டார்கள் என்று ஒப்பனை அறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு. ஆனாலும் போக்குவரத்து இருந்தது. அந்த வீட்டுக்கு வேறு யாரும் இல்லை. பிள்ளை இல்லை, அதற்கு வருத்தப்பட வேண்டிய காலத்தில் இருவரும் வருத்தப்பட்டு முடித்திருந்தார்கள்.

ஓரசீட்டுக்குக் கட்டோடு பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது மேடையில் பொய்யாக அழுவது. 'கண்ணீர் வந்தது, அழுகை வரவில்லை' என்று எத்தனை பேரைப் பற்றி எழுதியிருப்பாள். பிற்பாடு நடந்ததற்கு இது முக்கியம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

நாளிதழில் நாடகத்துக்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. அது அரைப் பக்கமானது, பிறகு ஒரு பத்தியானது, பிறகு ராசிபலனுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். கட்டெறும்பையும் நசுக்க வேண்டிய நாள் வந்தபோது ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் நாற்காலி இழுத்துப் போட்டதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அழுக்கே இல்லாத பாத்திரங்களையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வரும்.

தேய்த்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே முணுமுணு யோசனை சொன்னார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். பின்னறை சும்மாதானே இருக்கிறது, நாடகக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு, இணையத்தில் போடலாம், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்றார். நிகழ்ச்சிக்கு 'இடைவேளைக்குப் பிறகு' என்று பெயரும் அவரே வைத்தார். நமக்கும் இது இரண்டாம் பாதிதானே என்றார்.

பின்னறை சின்னது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலில் ஒரு தடிக் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள். இரண்டு பிரம்பு நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் குட்டை, அட்டையை மடித்து முட்டுக் கொடுக்க வேண்டும், அது ஓரசீட்டுக்கு. நல்லது விருந்தாளிக்கு. காகிதக் கூண்டு போட்ட பழைய விளக்கு ஒன்று. கேமராவும் ஒன்றே ஒன்று. அங்கேதான் சிக்கல்.

ஒரே கேமரா என்றால் விருந்தாளி பேசுவதை மட்டும்தான் எடுக்க முடியும். கேட்கிறவள் முகம் வேண்டாமா? அதனால் விருந்தாளியை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து, கேமராவை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, ஓரசீட்டு தன் கேள்விகளை மறுபடி கேட்பாள். பிறகு, கேட்டுக்கொண்டிருப்பது போல உட்கார்ந்து தலையாட்டுவாள். வெறும் நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினால் கண் அங்கும் இங்கும் அலைந்தது. அதனால் முணுமுணு போய் விருந்தாளியின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சும்மா உட்காரமாட்டார். ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். காய்கறிக்கடையில் நடந்த வம்பு, தண்ணீர் வரி அலுவலகத்தில் முன்பு ஒருவர் மேசைக்கடியில் தூங்கியது, எதையாவது. அவள் முகம் அதற்கு மாறும். அந்த முகத்தை வெட்டி, விருந்தாளி பேசுகிற இடத்தில் ஒட்டுவார்கள். பேச்சுச் சத்தம் விருந்தாளியுடையது, முகம் அவளுடையது. முணுமுணுவின் சத்தத்தை எடுத்துவிடுவார்கள்.

கொஞ்ச நாள் போனதும் குமாஸ்தா மூளை வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் எதற்கு எடுக்க வேண்டும்? அதே நீலச் சட்டையைப் போட்டுக்கொள், அதே விளக்கு, அதே நாற்காலி, ஒரே நாளில் பத்து முகம் எடுத்து வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் ஆகும் என்றார். எடுத்தார்கள். முகங்களுக்கு எண் போட்டார். ஒன்று, சும்மா தலையாட்டல். இரண்டு, புன்னகை. மூன்று, அப்படியா என்று புருவம் உயர்த்துவது. நாலு, கண் கலங்குவது. அதற்கு மேலும் சில இருந்தன, அவ்வளவாக உபயோகப்படவில்லை.

பொய் அழுகையைக் கண்டால் பேனாவை ஓங்குகிறவள் இதற்கு எப்படி ஒப்புக்கொண்டாள் என்று கேட்கலாம். அவளும் கேட்டுக்கொண்டாள். விருந்தாளி பேசும்போது நான் நிஜமாகத்தானே கேட்கிறேன், இது அதைக் காட்டுகிற ஒரு வழி, அவ்வளவுதான் என்று சமாதானம் செய்துகொண்டாள். சமாதானம் என்பது எப்போதும் சுலபமாகக் கிடைக்கிற சரக்கு. நிகழ்ச்சி பிடித்துக்கொண்டது. பார்த்தவர்கள் விருந்தாளியைவிட அவளைத்தான் புகழ்ந்தார்கள். அக்கா கேட்கிற அழகே தனி, இப்படி ஒருத்தர் கேட்டா யாரும் மனசைத் திறந்து கொட்டிடுவாங்க என்று எழுதினார்கள். முணுமுணு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, மொத்தத்தையும் கொட்டினது நான்தான், பேர் யாருக்கோ போகிறது என்பார்.

அவர் இறந்த செய்தி ஓர் இடைவேளையில் வந்தது. ஓரசீட்டு அரங்கத்தின் முன்கூடத்தில் காகிதக் கோப்பையில் டீயோடு நின்றிருந்தாள். போன் அடித்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று தெரியாத குரல் சொன்னது. அவள் டீயை முழுக்கக் குடித்தாள். கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகுதான் வெளியே நடந்தாள். டீயை ஏன் குடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நாத்தனார் முந்திப் போய்ச் சேர்ந்திருந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு கதறினாள். அண்ணி அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் அழுதுவிடு, உள்ளே வைத்துக்கொள்ளாதே என்றார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பத்திரிகை போன பிறகு விமர்சனங்களைத் தன் இணையப் பக்கத்தில்தான் எழுதிவந்தாள்; தகனம் முடிந்த மறுநாள் வழக்கம்போல அங்கே ஒன்று போட்டாள். போட வேண்டிய நாள் அது. கடைசி வரி: 'முதல் பாதி மட்டும்தான் பார்த்தேன். இரண்டாம் பாதி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.'

நாத்தனார் அதைப் படித்தாள். எங்கண்ணன் சாம்பல் ஆறுவதற்குள் நாடக விமர்சனம் எழுதினாள் என்று ஒருவர் விடாமல் சொன்னாள். போன் செய்வதை நிறுத்தினாள். வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்தினாள்.

அவள் மேல் தப்பில்லை என்றுதான் ஓரசீட்டுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, அதற்காக வருத்தம் வரவில்லை. வருத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்காவது ஓர் உருவம் இருக்கிறது. இவளுக்கு அதுகூட இல்லை. சோறு தொண்டையில் இறங்கியது. தூக்கமும் வந்தது. அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால், மேடையில் சிலர் வெளிச்சத்தில் நடந்தார்கள், சிலர் பேசினார்கள், பிறகு விளக்கு எரிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்துவிட்டு வருவாள். எழுதுவதற்கு மட்டும் குறையில்லை. முப்பது வருஷப் பழக்கம், கை தானாக எழுதியது.

அந்தப் பழக்கம் என்கிற வார்த்தைதான் ஒரு நாள் பல் தேய்க்கும்போது வந்து மாட்டிக்கொண்டது. விமர்சனம் பழக்கத்தில் வருகிறது. அவரோடு இருந்ததும் அப்படித்தானோ? பாசம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்நேரம் எங்காவது ஒரு பக்கம் வலிக்க வேண்டாமா? தான் அவரை நிஜமாக விரும்பினோமா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவரைத் தவிர அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நிகழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும். விருந்தாளிகள் வந்தார்கள், பேசினார்கள். எதிரே இருக்கிற முகம் சுவர் மாதிரி இருப்பதைப் பார்த்து நடுவிலே திணறினார்கள். ஆனால் இணையத்தில் வரும்போது ஒன்றும் இரண்டும் மூன்றும் வரிசையாகத் தலையாட்டின, சிரித்தன, வியந்தன. அக்கா கேட்கிற அழகே தனி என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் உள்ளுக்குள் செத்துப்போனதைப் பார்வையாளர்கள் யாரும் கவனிக்கவில்லை.

பல மாதம் கழித்து நாத்தனார் போன் செய்தாள். உங்கள் நிகழ்ச்சியில் வந்து அண்ணனைப் பற்றிப் பேச வேண்டும், ஆயுள் முழுக்கத் திரைக்குப் பின்னாலேயே நின்றவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நீங்களும் பேசவில்லை என்றாள். வா என்றாள் ஓரசீட்டு.

வந்தாள். நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் மேடையில் தனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டபோது, இருட்டிலிருந்து வரி மட்டுமல்ல, 'பயப்படாதேடி, நான் இங்கதான் இருக்கேன்' என்றும் சேர்த்து வந்ததைச் சொன்னாள். பதற்றத்தில் அதையும் வசனம் என்று நினைத்துச் சத்தமாகச் சொல்லிவிட்டாளாம், சபை கைதட்டியதாம். ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்தபோது அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்ததைச் சொன்னாள். அதற்குப் பிறகு மேடையில் சாகிற காட்சி வந்தால் என்னால் சாகவே முடியவில்லை, இயக்குநரிடம் சொல்லி வேறு பெண்ணைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். மேடையில் அழுவது போல இல்லை, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள்.

ஓரசீட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். உங்க அண்ணனிடம் நாடகக் குழு எப்படி நடந்துகொண்டது என்று அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெட்டி ஒட்டுகிற வேலையை ஓரசீட்டுதான் செய்தாள். நாத்தனார் அழுகிற இடம் வந்தது. கை தானாகப் போய் நாலாம் நம்பரை எடுத்து அங்கே ஒட்டியது. கண் நிறைந்து, உதடு இறுகி, தாடை மெல்ல நடுங்குகிற முகம். பொருத்தமாகத்தான் இருந்தது. வெளியிட்டாள்.

அதுவரை வந்த எதையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். அடுத்தவர் அண்ணனுக்காக அக்கா எப்படிக் கலங்குகிறார், இதுதான் மனிதம் என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே ஆயிரம் பேர் கை கூப்பினார்கள்.

ஒரு மத்தியான வேளையில் வாசல் மணி அடித்தது. நாத்தனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய், போனை எடுத்து நாலாம் நம்பர் முகத்தில் நிறுத்தி நீட்டினாள்.

"இங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. நான் பாத்துக்கிட்டேதான் பேசினேன். இதுல அழறீங்க. நீங்க எப்ப அழுதீங்க அண்ணி?"

ஓரசீட்டு மறைக்கவில்லை. மறைக்கிற அளவுக்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. ஒரு கேமரா, நீலச் சட்டை, எண் போட்ட முகங்கள் எல்லாவற்றையும் சொன்னாள். வரி விளம்பரம் மாதிரி சுருக்கமாகச் சொன்னாள்.

நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. எத்தனையோ ஒப்பனை போட்டுப் பார்த்த முகம் அது, இப்படி வெளுத்து ஓரசீட்டு பார்த்ததில்லை.

"எங்கண்ணன் செத்ததுக்கு, எடுத்து வெச்சிருந்ததை எடுத்து ஒட்டினீங்க."

"ஆமா."

"பேட்டி முழுக்க உங்க அண்ணன், உங்க அண்ணன்னு கேட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரனைக் கேக்கற மாதிரி. உங்களுக்கு யாருன்னு ஒரு தடவை சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள். ஒன்றாம் நம்பர் மாதிரி இருந்திருக்கும்.

"சரி, இது நிஜமா எதுக்கு அழுதது? அதையாவது சொல்லுங்க. அவனுக்கு இல்லாத அழுகை யாருக்குப் போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். இனிமே இந்த வாசலை மிதிக்கமாட்டேன்."

ஓரசீட்டுக்கு ஞாபகம் இல்லை. நிஜமாகவே இல்லை. அசல் பதிவு கணினியில் இருந்தது. அதை எத்தனையோ முறை வெட்டியிருக்கிறாள், ஒரு முறைகூடச் சத்தத்தோடு கேட்டதில்லை. சத்தத்தை எடுப்பதுதான் முதல் வேலை என்று பழகியிருந்தது. இப்போது சத்தத்தை வைத்தாள்.

முதலில், கம்பளியையும் மீறி வந்த பக்கத்து வீட்டு மோட்டார் கேட்டது. பிறகு அவர் குரல். இருட்டில் நின்று பேசிப் பேசிப் பழகிய, மூச்சு கலந்த குரல்.

"நாலாம் நம்பர். ஈரம் வேணும். என்ன, வரலையா? வெங்காயம் நறுக்கி எடுத்துட்டு வரட்டா? வேணாமா? சரி, அப்போ என் தங்கச்சி சாகறா, பாரு." ஓர் இருமல். பிறகு குரல் பெண் குரலாகிக் குழைந்தது. "நான் போறேன்... எங்கே போறேன்னு கேக்காதீங்க... கதவை மட்டும் சாத்திக்குங்க... ஐயோ, சாவியை மறந்துட்டேன், இருங்க, எடுத்துட்டு வந்து சாகறேன்..." திரையில் ஓரசீட்டின் உதடு இறுகியது. தாடை நடுங்கியது. "மழை விட்டாச்சா பாருங்க... தெரு காஞ்சாச்சா... இல்லையா? அப்போ இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்..." கண் நிறைந்து தளும்பியது. குரல் மறுபடி அவருடையதானது. "சிரிக்காதே, சிரிச்சா ரெண்டாம் நம்பர் ஆயிடும். அப்படியே பிடிச்சு வெச்சுக்கோ. அப்படியே. அழகு. போதும்."

பதிவு முடிந்தது. ஆயிரம் பேர் கை கூப்பிய அந்த முகம், சிரிப்பை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் முகம். எதிரே உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

நாத்தனார் நீட்டியிருந்த போனை இறக்கினாள். திட்டுவாள் என்று ஓரசீட்டு காத்திருந்தாள்.

"இருமலைத் தப்பான இடத்துல வெச்சிருக்கான்," என்றாள் நாத்தனார். "நான் கடைசியிலதான் இருமுவேன்." அதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது, எதைத் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் துடைத்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டாள். மூன்றாவது தடவையும் போடச் சொன்னாள். அப்புறம் கேட்காமலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்களை இப்படிப் பாக்க வெச்சிருக்கான்," என்றாள். "இதெல்லாம் எங்க போச்சு அண்ணி?"

"தெரியலைம்மா. முகம் வரமாட்டேங்குது. அந்த நாற்காலியில ஆள் இல்லைன்னா நான் எங்க பாக்கறதுன்னு தெரியலை."

இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசி மாதக்கணக்காகியிருந்தது. நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அப்போதும் ஒன்றும் இல்லை. அழுகை வந்துவிடும் என்று இருவருமே கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. நாத்தனார் எழுந்து போய் டீ போட்டாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "நான் செத்தா நீளம்னு எழுதினீங்க. அவன் சட்டுனு போயிட்டான். அதையும் எழுதுங்களேன்."

எழுத வரவில்லை. நாடகமா, பத்து வரி எழுதிவிட. கணினியின் வெள்ளைத் திரையில் கோடு மினுக் மினுக்கென்று நின்றது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் வந்த விருந்தாளியின் பேட்டியில் பழைய முகங்கள் எதையும் ஒட்டவில்லை. கேமராவைத் திருப்பி வைத்து, அன்றைக்கு இருந்த முகத்தோடு உட்கார்ந்து எடுத்தாள். அக்கா ஏன் உம்மென்று இருக்கிறார், உடம்பு சரியில்லையா, முன்பு போல இல்லையே என்று எழுதினார்கள். இருக்கட்டும் என்று விட்டாள்.

நாத்தனார் பேட்டிக்குக் கீழே ஒரு பார்வையாளர் புதிதாகக் கேட்டிருந்தார்: அந்த அண்ணன் உங்களுக்குப் பழக்கமா அக்கா, இவ்வளவு அழுகிறீர்களே? ஓரசீட்டு இத்தனை வருஷத்தில் கீழே எழுதியவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. விமர்சகர் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கொள்கை. இப்போது பதில் எழுதினாள்.

'நான் அழவில்லை. அந்த முகம் பழைய பதிவிலிருந்து எடுத்து ஒட்டியது. அவர் எனக்குச் சிரிப்பு மூட்டியபோது எடுத்தது. அவர் என் வீட்டுக்காரர். முதல் பாதி மட்டும்தான் பார்த்தேன்.'

அனுப்பிவிட்டு அடுப்பில் பால் வைக்கப் போனாள். பால் பொங்குவதற்குள் போன் அடித்தது.

"படிச்சேன் அண்ணி," என்றாள் நாத்தனார். குரல் கரகரவென்று இருந்தது. "அவ்வளவுதானா? அஞ்சு வரியில முடிச்சிட்டீங்களே."

"அதுக்கு மேல வரலை," என்றாள் ஓரசீட்டு. அடுப்பை அணைத்தாள். "அடுத்த வரி என்னன்னு நின்னுட்டேன். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை."

மறுமுனையில் நாத்தனார் போனை வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை.